செமினி முகாமும் புழுங்கலரிசியும்

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குச் செல்லும் பழைய சாலையில், காஜாங்கைக் கடந்து தெற்கே சென்றால் செமினி என்னும் ஊர் வரும். சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் இவ்வூரைச் சுற்றி நாற்புறமும் ரப்பர்க்காடு. அக்காட்டினுள் தமிழர் லயங்கள், மாரியம்மன் கோயில்கள், தோட்டப் பள்ளிகள். இன்று அக்காடு பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிநீர் தரும் அணை ஒன்று இங்கே உண்டு. இங்கிலாந்து நாட்டின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2005-ஆம் ஆண்டு முதல் இங்கே கிளை நடத்துகிறது. விடியற்காலையில் புரோகா மலையேற வரும் இளைஞர் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், இவ்வூரைப் பற்றி வெளியார் அறிந்தது ஏறக்குறைய அவ்வளவே.

ஆயினும் செமினியின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது அணையாலும் அன்று, பல்கலைக்கழகத்தாலும் அன்று. குடிநுழைவுச் சட்டப்படி பிடிக்கப்பட்ட அயல்நாட்டாரை அடைத்துவைக்கும் தடுப்பு முகாம் ஒன்று இவ்வூரில் உள்ளது. அந்த முகாமில் 59 பேர் மாண்டனர் என்ற செய்தி 1995-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர். பிழைப்புத் தேடி வந்தவர்கள்; கட்டடங்களிலும் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள். அவர்கள் மாண்டதற்குச் சொல்லப்பட்ட நோய்கள் இரண்டு. ஒன்று டைபாய்டு என்னும் குடற்காய்ச்சல். மற்றொன்று பெரிபெரி.

இந்த இரண்டாம் நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், மலாயாவின் வரலாற்றைச் சற்றேனும் படித்தவர் திடுக்கிட்டு நிற்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையின் பெரும்பகுதி செலவாகும்.

பெரிபெரி கிருமியால் வரும் நோயன்று. உணவில் பி1 என்னும் உயிர்ச்சத்து இல்லாமையால் வருவது. கால் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், முற்றினால் இதயம் நின்றுவிடும். சிங்களத்தில் 'இயலாது, இயலாது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் கொத்துக் கொத்தாக மடிந்தனர். சிறைகளிலும் மனநோய் இல்லத்திலும் அடைபட்டுக் கிடந்தோர் மடிந்தனர். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. மண்ணின் நச்சு என்றார் சிலர். கெட்ட காற்று என்றார் சிலர். 1900-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியபோது, அதன் முதற் கடமைகளுள் ஒன்றாக இந்நோயின் காரணத்தைக் கண்டறிதல் வைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் என்பவர் இது கிருமியால் வருவது என்றே முடிவு கட்டினார்.

அவர் கண்ணுக்குப் படாத ஒன்று வேறு சில மருத்துவர்களின் கண்ணுக்குப் பட்டது. அது நம்மவர் சம்பந்தப்பட்டது. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே கொசு. வறுமையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் சீனத் தொழிலாளருக்கு வரும் பெரிபெரி தமிழ்த் தொழிலாளருக்கு வருவதில்லை. மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் தமிழர் மடிந்தது உண்மை. ரப்பர்த் தோட்டங்களின் தொடக்கக் காலத்தில் அவர்கள் மடிந்த கணக்கைப் படித்தால் நெஞ்சு பதைக்கும். ஆயினும் பெரிபெரி மட்டும் அவர்களை அண்டவில்லை. மலாய்க் கிராமத்தாரையும் அவ்வளவாக அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கி, குற்றம் அரிசியில்தான் இருக்கிறது என்று 1907-ஆம் ஆண்டு ஒரு பெருநூலே எழுதினார். சீனர் உண்டது சயாமிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

புழுங்கல் என்றால் என்ன என்று தமிழாசிரியர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகு குத்துவது நம் பாட்டிமார் அறிந்த தொழில். பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசி. நாள்தோறும் உண்ணப் புழுங்கலரிசி என்பது தஞ்சை, திருச்சிச் சீமைகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழக்கம். பச்சரிசிச் சோறு பசி தாங்காது என்பார்களே தவிர, அதில் உயிர்ச்சத்துக் குறைவு என்று அவர்கள் அறிந்தாரல்லர். நெல் அவியும்போது தவிட்டிலும் உமியடித் தோலிலும் உள்ள பி1 சத்து அரிசியின் உள்ளே இறங்கி நிலைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இந்த நுட்பம் பின்னாளில் தெரியவந்தது. அந்நாளில் கப்பல் கப்பலாகத் தமிழரோடு வந்து இறங்கிய அரிசி மூட்டையிலேயே மருந்தும் இருந்தது என்க.

பிராடனின் கருத்தைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர். 1905-ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் இருந்தவர்களை அவர் இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வெள்ளையரிசி. மற்றப் பாதிக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஓராண்டு இச்சோதனை நடந்தது. தங்கிய இடத்தின் குற்றமோ என்ற ஐயம் நீங்குதற்பொருட்டு, இடையில் இரு குழுவினரின் கட்டடத்தையும் மாற்றினார். வெள்ளையரிசி உண்டவர்களுள் பெரிபெரி பரவிப் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களுள் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இச்சோதனைக்கு உட்பட்டவர்கள் தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத நோயாளிகள் என்பதையும், அந்தப் 18 பேரின் உயிர் மருத்துவ நூலுக்குக் கொடுத்த விலை என்பதையும் நாம் மறக்கலாகாது. இந்நாளில் எந்த அறநெறிக் குழுவும் இதற்கு இசைவு தராது.

அதன்பின் கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் இன்னும் திட்டமாகச் செய்தனர். நெகிரி செம்பிலானில் டுரியான் டிப்பஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலை போட வந்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு அணியாக்கினர். வெள்ளையரிசி உண்ட அணியில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. உடனே அவ்வணிக்குப் புழுங்கலரிசி கொடுத்தனர், நோய் நின்றது. மற்ற அணிக்கு வெள்ளையரிசி கொடுத்தனர். நோய் அங்கே புறப்பட்டது. 1909-ஆம் ஆண்டு இவ்வாய்வு வெளியாயிற்று. மறு ஆண்டு மணிலாவில் கூடிய கீழைநாட்டு வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியையே இடையறாது உண்பதால் பெரிபெரி வருகிறது என்று தீர்மானம் செய்தது. பக்கத்துச் சாவகத் தீவில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர் கோழிகளைக்கொண்டு முன்பே தொடங்கிவைத்த ஆராய்ச்சிக்கு 1929-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. மலாயாவில் மனிதரைக்கொண்டு மெய்ப்பித்தவர்களின் பெயர் மருத்துவ மாணவர்க்கு மட்டுமே தெரியும்; புழுங்கலரிசியைச் சுமந்து வந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இதன் பயனாக நடந்தது யாது? பிரிட்டிஷ் ஆட்சியினர் தம் சிறைகளிலும் மனநோய் இல்லத்திலும் மருத்துவமனைகளிலும் வெள்ளையரிசியை நிறுத்திப் புழுங்கலரிசியைக் கொண்டுவந்தனர். அங்கெல்லாம் பெரிபெரி அடங்கிற்று. கருணையால் செய்தார்கள் என்று நான் கூறவரவில்லை. கைதி செத்தால் சாலை போட ஆள் இல்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். எப்படியாயினும், நாலு பக்கமும் அடைத்து மனிதரை வைத்திருக்கும் இடத்தில் பெரிபெரி வராமல் காப்பது எப்படி என்பது, முதல் உலகப் போருக்கு முன்பே இந்த நாட்டில், இந்த வட்டாரத்தில், செமினியிலிருந்து ஓர் அரைநாள் வண்டித் தொலைவில் கண்டறியப்பட்ட ஒன்று. செமினியை அடுத்த புரோகா, நெகிரி செம்பிலான் எல்லையிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குடற்காய்ச்சல் ஒருநாள் குடித்த கெட்ட நீரால் வந்துவிடும். அதை வெளியிலிருந்து கொண்டுவந்தான் என்று சொல்லித் தப்பலாம். பெரிபெரி அவ்வாறு வருவதன்று. உடலில் உள்ள பி1 சத்து தீர இரண்டு மூன்று வாரம் ஆகும். நோய் வெளிப்பட இன்னும் பல வாரம் ஆகும். டுரியான் டிப்பஸில் மூன்று மாதம் ஆயிற்று என்பதைப் பார்த்தோம். ஆகவே ஒரு முகாமில் பெரிபெரியால் மனிதர் இறக்கிறார்கள் என்றால், அவர்கள் நெடுங்காலமாக அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும், அவ்வளவு காலமும் தட்டில் விழுந்தது என்ன என்பதும் அந்நோயின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. சாட்சி தேவையில்லை, நோயே சாட்சி.

செமினிக்கும் அரிசிக்கும் இதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. அதையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க அரசாங்கம் புதுக்கம்பங்களை முள்வேலியிட்டு அமைத்தது. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போகக்கூடாது. பால்வெட்டப் புறப்படும் ஆண், பெண் அனைவரையும் வாயிலில் நிறுத்திச் சோதிப்பார்கள். 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செமினியில் பெண்களை ஆடை களையச்செய்து சோதித்தார்கள் என்ற புகார் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில்தான் முதல் பொதுத்தேர்தல் நடந்து துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சராகியிருந்தார். கூச்சல் பெரிதாகவே, அரசாங்கம் விசாரணை நடத்தியது. செமினியில் உணவுச் சோதனை நடந்த முறைபற்றிய அறிக்கை அவ்வாண்டே கோலாலம்பூரில் அச்சாகி வெளிவந்தது.

வெள்ளைக்காரன் ஆட்சியே மேல் என்று சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. இதே சிலாங்கூரில், பத்தாங் காலியில் 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக்கொன்றதற்குப் பொது விசாரணை வேண்டுமென்று உறவினர் தொடுத்த வழக்கை, 67 ஆண்டு கழித்து 2015-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. செமினிக்கு 1956-இல் விசாரணை கிடைத்தது. பத்தாங் காலிக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. புகார் சொன்னவர்களுக்கு அவ்வேளையில் சட்டசபையில் குரல் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. 1995-ஆம் ஆண்டு செமினியில் மாண்டவர்களுக்கு வாக்கும் இல்லை, அவர்கள் ஊரிலிருந்து கேட்கவந்த ஆளும் இல்லை. தமிழ்த் தொழிலாளரைப் பற்றிக் கேட்கவாவது 1920-களிலிருந்து இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கோலாலம்பூரில் உட்கார்ந்து, ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்.

செமினி மரணங்களைக் கண்டுபிடித்தவர்கள் 'த சன்' என்ற ஆங்கில நாளிதழின் செய்தியாளர்கள். அவர்களுள் தலையாயவர் ஸ்டீவன் கான். பின்னாளில், 1999-இல், மலேசியாகினி என்னும் இணைய நாளேட்டைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அவர்கள் திரட்டிய செய்தியைப் பத்திரிகை வெளியிடவில்லை. வெளியிடாத செய்தியை அவர்கள் ஐரீன் பெர்னாண்டசிடம் கொடுத்தார்கள்.

ஐரீன் பெர்னாண்டஸ் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் 1946-ஆம் ஆண்டு பிறந்தவர். இந்தியாவிலிருந்து வந்து தோட்டத்தில் வேலை பார்த்தவர்களின் மகள். ஆசிரியையாகப் பணி தொடங்கி, அதை விட்டுத் தொழிலாளர் இயக்கத்திலும் பெண்கள் இயக்கத்திலும் புகுந்தவர். 1991-இல் தெனாகானித்தா என்னும் அமைப்பை நிறுவினார். இவ்வமைப்பினர் வெளிநாட்டுத் தொழிலாளரின் உடல்நலம்பற்றி ஆராய முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கண்டு பேசிக்கொண்டிருந்தபோதே முகாம் கதைகள் வரத் தொடங்கியிருந்தன. போதிய உணவில்லை, குடிக்க நீரில்லை, அடி, பெண்கள்மேல் கைவைத்தல், மருத்துவமின்மை, காசு கொடுத்தால் ஒரு நடத்தை, கொடாவிட்டால் வேறு நடத்தை. இவற்றைத் தொகுத்து 1995-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு மனுவாக அரசாங்கத்துக்கு அனுப்பிப் பத்திரிகைகளுக்கும் கொடுத்தார்.

முகாம்களில் மரணம் நிகழ்ந்ததை அரசாங்கம் முற்றும் மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றக் கூண்டில் ஏறியவர் முகாமை நடத்தியவர் அல்லர். 1996-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் ஐரீன் கைது செய்யப்பட்டார். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் 8ஏ பிரிவுப்படி, தீய எண்ணத்துடன் பொய்ச் செய்தி வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. இந்தப் பிரிவு 1987-ஆம் ஆண்டின் பெருங்கைதுகளையொட்டி அவ்வாண்டு செய்த திருத்தத்தில் புகுந்தது. மூன்றாண்டுச் சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. வெளியிடுமுன் உண்மையை அறியத் தக்க முயற்சி செய்ததாக எதிரி காட்டாவிட்டால், தீய எண்ணம் இருந்தது என்றே கொள்ளலாம் என்றும் அப்பிரிவு சொல்கிறது. பூட்டிய வாயிலுக்கு உள்ளே நடந்ததை வெளியே நிற்பவர் மெய்ப்பிக்க வேண்டும். உள்ளே இருந்தவர்களோ நாடு கடத்தப்படுவோர்; சாட்சி சொல்ல வேண்டிய நாளில் எந்தக் கண்டத்தில் இருப்பார்களோ!

அவ்வாண்டு ஜூனில் வழக்குத் தொடங்கியது. மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்தில் நடக்கும் சிறு வழக்கு. சில மாதத்தில் முடியவேண்டியது. ஏழாண்டு நடந்தது. மலேசிய வரலாற்றிலேயே நெடிய வழக்கு என்று பெயர் பெற்றது. 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் குற்றவாளி என்று தீர்ப்பளித்து ஓராண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீடு செய்து பிணையில் வெளியே வந்தார். கடப்பிதழ் நீதிமன்றத்தில், 2004-ஆம் ஆண்டுத் தேர்தலில் நிற்க முடியாமற்போயிற்று. 2005-இல் சுவீடன் நாட்டில் வழங்கப்படும் நல்வாழ்வுரிமைப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. மாற்று நோபெல் என்று உலகம் போற்றும் பரிசு அது. இங்கே அவர் தண்டனை பெற்ற கைதி.

மேல்முறையீடு என்னாயிற்று என்பதுதான் இவ்வரலாற்றின் முடிச்சு. நம் நாட்டில் கீழ்நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை அந்நாளில் மாஜிஸ்திரேட்டே தம் கையால் எழுதிக்கொள்வார். அதைப் பிறகு ஒருவர் தட்டச்சு செய்வார். அந்தப் பிரதியை வைத்தே உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்கும். வெளிநாட்டுச் சாட்சி தம் மொழியில் பேச, அதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மாற்றிச் சொல்ல, அதை மாஜிஸ்திரேட்டு எழுத, அவர் கையெழுத்தை இன்னொருவர் படித்துத் தட்டெழுத, ஏழாண்டுச் சாட்சியம் ஆயிரக்கணக்கான பக்கமாகக் குவிந்துவிட்டது. ஏட்டுப் பிரதிகளில் பாடபேதம் நுழையும் வகையைத் தமிழாசிரியர் அறிவர். ஓலையைப் பார்த்து ஓலை எழுதுபவன் கண் ஒரு வரி தாண்டினால் ஒரு செய்யுளே போய்விடும். இங்கே போனது செய்யுளன்று. பிரதியில் பிழைகளும் விடுபாடுகளும் மலிந்து கிடந்தன. அதைச் சரிபார்ப்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. விசாரணை மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது.

கடைசியில் 2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், உயர்நீதிமன்ற நீதிபதி அபாண்டி அலி தண்டனையை நீக்கி ஐரீனை விடுதலை செய்தார். நீதிமன்றப் பதிவுகளில் உள்ள குறைகளால் தண்டனையை நிலைநிறுத்த இயலாது என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. மனு அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல். விடுதலை என்று மகிழ்ந்தோம், மகிழவேண்டியதுதான். ஆயினும் சற்று நின்று பார்த்தால், மனுவில் சொன்னது பொய் என்ற தீர்ப்பு நீங்கியதேயன்றி, அது மெய் என்ற தீர்ப்பு எழுதப்படவில்லை. செமினியில் மாண்டவர்கள் எத்தனை பேர், எந்த உணவை உண்டு எத்தனை நாள் கிடந்து மாண்டார்கள், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு அவ்வழக்கு பிடித்த பதின்மூன்று ஆண்டிலும் விடை பிறக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதுபற்றிப் பேசுவது நீதிமன்ற அவமதிப்பாகும் என்ற அச்சம் ஒருபுறம். முடிந்தபிறகு பழங்கதை என்ற அலட்சியம் மறுபுறம்.

அரசாங்கம் கெட்டிக்காரத்தனமாக இவ்வாறு இழுத்தடித்தது என்று நினைப்பவர் உண்டு. நான் அவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை நம் அலுவலகங்களில் கண்டதில்லை. தாமதிக்கவேண்டும் என்று யாரும் உத்தரவிட்டிருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் புரியாத குறிப்பு, பிழைமலிந்த பிரதி, மாற்றலாகிப் போன அதிகாரி, அடுத்த தவணைக்கு நாள் குறிக்கும் எழுத்தர் என இவை தாமாகவே நடந்தால் போதும். தன்னைப்பற்றிக் கேட்கப்படும் கேள்விக்கு விடை சொல்ல விரும்பாத ஓர் ஆட்சிக்கு, திறமையின்மையைவிட நல்ல காவலாளி கிடைக்கமாட்டான். கூலி தேவையில்லை, பழியும் வராது.

நீதிமன்றங்களைப் பொறுத்தவரை இதில் ஒரு மாற்றம் வந்ததையும் சொல்லவேண்டும். 2008 அக்டோபரில் ஸக்கி அஸ்மி தலைமை நீதிபதியானபின், தேங்கிய வழக்குகளைக் குறைக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. சாட்சியத்தை ஒலியும் படமுமாகப் பதியும் கருவிகள் நீதிமன்றங்களுக்கு வந்தன. கையால் எழுதும் வழக்கம் பெரிதும் குறைந்தது. ஐரீன் வழக்கு இன்று நடந்தால் அந்த வகையில் கெடாது. ஆகவே மாற்ற முடியாதது என்று ஒன்றில்லை. மாற்ற வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்தால் சில ஆண்டில் மாறுகிறது. முகாம்களுக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை.

சட்டமும் அவ்வாறே நின்றது. குடிநுழைவுச் சட்டம் 1959-ஆம் ஆண்டில் தோன்றியது. நாடு கடத்தும் வரையில் 'தேவையான காலம்' அடைத்துவைக்கலாம் என்கிறதே தவிர, அதிகபட்சம் இத்தனை நாள் என்று அது வரையறுக்கவில்லை. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனை கூடியது. 10,000 வெள்ளி வரை தண்டம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி. அகதி என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் இடமில்லாமையால், பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்கியாவும் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழனும் அதே சட்டத்தின்கீழ் அதே வாயிலில்தான் நுழைய நேர்ந்தது.

ஆட்சி மாறவில்லையே, மாறினால் எல்லாம் சரியாகும் என்று நம்மில் பலர் நம்பினோம். கூட்டணியும் அதன் வழிவந்த தேசிய முன்னணியும் 1957 முதல் 61 ஆண்டு இடையறாது ஆண்டன. 2018-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் தேர்தலில் அது முடிந்தது. பிரதமராக வந்தவர் மகாதீர்; 1995-இல் பிரதமராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்தவரும் அவரே. 2022 நவம்பரில் பிரதமரானவர் அன்வார் இப்ராஹிம். 1995-இல் துணைப்பிரதமராக இருந்தவர். அவர் பதவி பறிக்கப்பட்டுச் சிறை சென்றபோது 1999-இல் தோன்றிய கெஅடிலான் கட்சியில் ஐரீன் சேர்ந்து உழைத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. எவர்மேலும் பழிசுமத்த இதைச் சொல்லவில்லை. கால்நூற்றாண்டு காத்திருந்து நாம் கொண்டுவந்த மாற்றத்தில் எவ்வளவு பழையது இருந்தது என்று கணக்குப் பார்க்கிறேன்.

கணக்கு என்றதும் இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். மனித உரிமை ஆணையமாகிய சுஹாகாமின் ஆவணங்களை வைத்து 2017-ஆம் ஆண்டு வெளியான செய்தியின்படி, நாட்டின் குடிநுழைவு முகாம்களில் 2015-ஆம் ஆண்டு 83 பேரும், 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 20 வரை குறைந்தது 35 பேரும் இறந்தனர். 2022-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இறந்தோர் 150 பேர் என்றும், அவர்களுள் எழுவர் குழந்தைகள் என்றும் அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தில் அமைச்சகம் விடை தந்தது. இடையில் 2020-ஆம் ஆண்டு மே மாதம் கொரோனாத் தொற்று முகாம்களுக்குள் புகுந்தபோது, தொற்றுப் பரவிய இடங்களின் பட்டியலில் செமினியும் இருந்தது.

பேராசிரியர்கள் சிலரிடம் இதுபற்றிப் பேசும்போது, "அவர்கள் அந்நியர், சட்டம் மீறி வந்தவர், நம் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்குபவர்" என்ற விடை வருவதுண்டு. தமிழர் வாயில் இவ்விடை வருவதுதான் வியப்பு. ஏஜெண்டுக்குக் கடன்பட்டுக் கப்பலேறியவன், சொன்ன சம்பளம் ஒன்று கொடுத்த சம்பளம் ஒன்றாக ஏமாந்தவன், ஓடினால் பிடித்துச் சிறையில் அடைக்கப்பட்டவன் யார்? நம் பாட்டன். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்படும்வரை, வேலையை விட்டு ஓடிய தமிழனும் சட்டம் மீறியவனே. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலிலிருந்து இறங்கியவுடன் அவனையும் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்தே வெளியே விட்டார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவன் தட்டில் புழுங்கலரிசிச் சோறு இருந்தது.

ஐரீன் பெர்னாண்டஸ் விடுதலைபெற்றபின் ஐந்தாண்டுகளே வாழ்ந்தார். 2014-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் காலமானார். அவரைக் கூண்டில் ஏற்றிய 8ஏ பிரிவு அவர் இறந்த நாளிலும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. செமினி முகாமும் அதே இடத்தில் இருந்தது.